ஞாயிற்றுக்கிழமை மேசையும் அரசமைப்பின் 15(2)ஆம் உறுப்பும்

சென்னையின் அண்ணா நகரிலும் நுங்கம்பாக்கத்திலும் பெசன்ட் நகரிலும் ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் கஃபேக்கள் நிரம்பியிருக்கின்றன. காலைச் சிற்றுண்டியையும் மதிய உணவையும் ஒன்றாக்கி, நண்பர் ஒருவரோடு நிதானமாக அமர்ந்து உண்ணும் 'பிரன்ச்' என்னும் பழக்கம் நகர இளைஞர்களிடையே வேரூன்றிவிட்டது. அந்த மேசைகளில் நம் பிள்ளைகளும் அமர்ந்திருக்கிறார்கள். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவர்கள், மென்பொருள் நிறுவனத்திலோ வங்கியிலோ முதல் சம்பளம் வாங்கியவர்கள், தம் தாயும் தந்தையும் நின்றுகொண்டே தேநீர் குடித்த கடைகளைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். ஒரு காபிக்கு இருநூறு ரூபாய் கொடுத்து உண்ணும் இந்த வழக்கத்தைப் பற்றித் தலித் அரசியல் பேச என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். நிறையவே இருக்கிறது. ஓர் உணவகத்தின் நாற்காலியில் அமரும் உரிமைக்காக இந்த நாட்டில் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது.

1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம், 1976இல் திருத்தப்பட்டுக் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. அதன் 2ஆம் பிரிவு 'ஹோட்டல்' என்ற சொல்லுக்கு விளக்கம் தருகிறது. சிற்றுண்டி அறை, தங்கும் விடுதி ஆகியவற்றோடு 'காபி ஹவுஸ்', 'கஃபே' என்ற இரு சொற்களும் அந்த விளக்கத்திலேயே இடம்பெற்றுள்ளன. இன்று ஞாயிறுதோறும் நாம் போகும் இடத்தின் பெயர் ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு தண்டனைச் சட்டத்துக்குள் எழுதப்பட்டுவிட்டது. ஏன் எழுத வேண்டியிருந்தது என்பதை அறியாமல், இன்றைய கஃபேயில் நமக்குக் கிடைப்பது என்ன, கிடைக்காதது என்ன என்பதை மதிப்பிட முடியாது.

பலகைகளின் காலம்

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் தமிழகத்தின் காபி கிளப்புகள் சாதியின் காட்சிக்கூடங்களாக விளங்கின. 'பிராமணாள்' என்ற சொல் உணவகப் பலகைகளில் தூய்மையின் சான்றிதழ் போல எழுதப்பட்டது. பல கடைகளில் பார்ப்பனர் உண்பதற்குத் தனி இடம் ஒதுக்கப்பட்டது. தாழ்த்தப்பட்டோருக்கு வாசலே அடைக்கப்பட்டிருந்தது. தென்னகத்தில் காபி பார்ப்பன நடுத்தர வர்க்கத்தின் பானமாகவும் தேநீர் உழைக்கும் மக்களின் பானமாகவும் பிரிந்து நின்ற வரலாற்றை ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற நூலில் ஆராய்ந்திருக்கிறார். ரயில் நிலைய உணவகங்களில் பார்ப்பனருக்கும் பிறருக்கும் இருந்த தனித்தனி ஏற்பாடு, தொடர்ந்த எதிர்ப்புகளுக்குப் பின் 1941இல்தான் நீக்கப்பட்டது. நாடு விடுதலை பெற்றுப் பத்தாண்டுகள் கழிந்த பிறகும், 1957இல், திருவல்லிக்கேணியின் முரளி கஃபே முன்பாக 'பிராமணாள்' என்ற சொல்லை அழிக்கக் கோரிப் பெரியார் பல மாதங்கள் நீடித்த மறியலை நடத்த வேண்டியிருந்தது.

தலித் தலைவர்களின் சட்டப் போராட்டம் இதற்கும் முந்தியது. பொதுச் சாலைகள், கிணறுகள், பொதுக் கட்டடங்கள் அனைத்தையும் தாழ்த்தப்பட்டோர் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்ற தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தார். எம். சி. ராஜாவின் முயற்சியால் 1938இல் சமூக இழிவுகளை அகற்றும் சட்டம் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. பொது இடம் எல்லார்க்கும் பொதுவானது என்ற எளிய உண்மையைச் சட்ட மொழியில் எழுதவைக்க நம் முன்னோடிகள் இத்தனை காலம் போராடினார்கள்.

அந்தப் போராட்டத்தின் உச்சம் அரசமைப்புச் சட்டத்தின் 15(2)ஆம் உறுப்பு. பெரும்பாலான அடிப்படை உரிமைகள் அரசை நோக்கியே பேசுகின்றன. 15(2) அப்படியன்று. கடை, பொது உணவகம், ஹோட்டல், பொதுக் கேளிக்கை இடம் ஆகியவற்றை நடத்தும் தனியாரையும் அது கட்டுப்படுத்துகிறது. அதன் சொற்கள் கூர்ந்து படிக்கத்தக்கவை. சாதியின் பெயரால் ஒருவரை உள்ளே விடாமல் தடுப்பதை மட்டும் அது விலக்கவில்லை. சாதியின் பெயரால் எந்த இயலாமையும், பொறுப்பும், கட்டுப்பாடும், நிபந்தனையும் விதிக்கக் கூடாது என்கிறது. உள்ளே வரலாம், ஆனால் அந்தக் குவளையைத் தொடக் கூடாது என்பது நிபந்தனை. உட்காரலாம், ஆனால் அந்த மூலையில் மட்டும் என்பது கட்டுப்பாடு. இரண்டுமே அரசமைப்புக்கு முரணானவை.

1948 நவம்பர் 29 அன்று அரசமைப்பு அவையில் இந்த உறுப்பு விவாதிக்கப்பட்டபோது 'கடை' என்ற சொல்லின் எல்லை குறித்துக் கேள்வி எழுந்தது. அண்ணல் அம்பேத்கர் அதற்குத் தந்த விளக்கம் விரிவானது. நாடி வரும் எவருக்கும் சேவை வழங்க ஒருவர் ஆயத்தமாக இருக்கும் இடம் எதுவாயினும் அது கடையே என்றார். வெறும் நுழைவுரிமையோடு அது நின்றுவிடாது, சேவையைக் கோரிப் பெறும் உரிமையையும் அது உள்ளடக்கும் என்றும் தெளிவுபடுத்தினார். தீண்டாமையை ஒழிக்கும் இன்றைய 17ஆம் உறுப்பையும் அவை அதே நாளில்தான் ஏற்றுக்கொண்டது. ஆக, உணவகத்தில் சமமாக நடத்தப்படுவது கடைக்காரரின் பெருந்தன்மையால் கிடைப்பதன்று. குடியரசின் அடித்தளத்தில் வைக்கப்பட்ட உரிமை அது.

ஊர் அறிந்த கடை

இந்த உரிமை ஊரில் எந்த நிலையில் இருக்கிறது? 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்ட கொடுமை வெளிவந்தது. அதை விசாரிக்கச் சென்ற மாவட்ட ஆட்சியர், அருகிலுள்ள இறையூர் தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை முறை நடப்பில் இருப்பதைக் கண்டார். அதன் பிறகே கடை நடத்தியவர்மீது வழக்குப் பதிவானது. அதே ஆண்டு செப்டம்பரில் தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளத்தில், தின்பண்டம் வாங்க வந்த தலித் சிறுவர்களை ஊர்க் கட்டுப்பாட்டைக் காரணம் காட்டிக் கடைக்காரர் திருப்பியனுப்பிய காணொளி பரவியது. 2024 பிப்ரவரியில் தருமபுரி மாவட்டம் மொரப்பூர் அருகே, வயல் வேலைக்குச் சென்ற தலித் பெண்களுக்குக் கொட்டாங்குச்சியில் தேநீர் ஊற்றிக் கொடுத்ததற்காக இரு பெண்கள் கைதாயினர்.

இம்மூன்று நிகழ்வுகளிலும் பொதுவான ஒன்று உண்டு. கொடுப்பவருக்குப் பெறுபவரின் சாதி முன்பே தெரிந்திருந்தது. ஊர் என்பது ஒவ்வொருவரும் யார் வீட்டுப் பிள்ளை, எந்தத் தெரு என்று எல்லாரும் அறிந்த இடம். சாதியைக் கேட்டறிய வேண்டிய தேவையே அங்கு எழுவதில்லை. முகமே அடையாள அட்டை. அதனால்தான் இரட்டைக் குவளை முறை ஊர்த் தேநீர்க் கடையில் இத்தனை காலம் உயிரோடு இருக்கிறது. கண்ணாடிக் குவளை ஒரு சாராருக்கும் தூக்கியெறியும் குவளை மறு சாராருக்கும் என்று அது உருமாறியும் பிழைத்திருக்கிறது. எல்லாருக்கும் ஒரே காகிதக் குவளை வந்துவிட்ட கடைகளில்கூட, யார் பெஞ்சில் உட்காருகிறார், யார் சாலையோரம் நின்று குடிக்கிறார் என்பதைப் பார்த்தால் பழைய கோடு தெரிந்துவிடும்.

தெரியாததால் கிடைக்கும் நாற்காலி

இப்போது நகரத்துக் கஃபேக்குத் திரும்புவோம். அங்கே பரிமாறுபவருக்கு நம் முகம் தெரியாது. அவர் அறிய விரும்புவது நாம் என்ன உண்கிறோம், எப்படிப் பணம் செலுத்துகிறோம் என்பதை மட்டுமே. கோப்பை ஒன்று, நாற்காலி ஒன்று, விலைப்பட்டியலும் ஒன்று. ஊரிலிருந்து வந்த ஒரு தலித் இளைஞருக்கு இந்த அனுபவம் தரும் ஆறுதலைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. கிராமம் சாதியின் கூடாரம், நகரத்தை நோக்கிச் செல்லுங்கள் என்ற அம்பேத்கரிய நிலைப்பாட்டின் நியாயம் இங்கே கண்கூடாகத் தெரிகிறது.

ஆயினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. அந்த மேசையில் நமக்குக் கிடைப்பது சமத்துவமா, அல்லது நம் சாதி தெரியாததால் கிடைக்கும் தற்காலிக விலக்கா? இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டை அண்ணலின் வாழ்க்கையே நமக்குக் கற்பிக்கிறது. வெளிநாட்டில் உயர்கல்வி பயின்று, 1917ஆம் ஆண்டு வாக்கில் பரோடா அரசின் பணியில் சேர அவர் வந்தபோது தங்குவதற்கு இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். சில நாள்கள் அமைதியாகக் கழிந்தன. அவர் யார் என்பது தெரிந்ததும் தடிகளோடு ஒரு கும்பல் வந்து வெளியேறச் சொன்னது. அந்த அறையில் அவர் பெற்றிருந்த பாதுகாப்பு முழுவதும் ஒரு பொய்ப்பெயரின்மீது நின்றிருந்தது. பெயர் விலகியதும் அறையும் பறிபோனது.

இன்றைய கஃபேயில் எவரும் தடியோடு வருவதில்லை என்பது உண்மைதான். ஆனால் அடையாளம் வெளிப்படும் தருணங்கள் அங்கும் உண்டு. தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடும் வழக்கம் பெருமளவு ஒழிந்துவிட்டதால், சாதியை அறிய விரும்புவோர் சுற்றிவளைத்துக் கேட்கிறார்கள். சொந்த ஊர் எது? ஊரில் எந்தப் பக்கம்? குலதெய்வம் எது? அப்பா என்ன செய்கிறார்? வீட்டில் என்ன சமைப்பார்கள்? அலுவலக நண்பர்கள் கூடும் ஞாயிறு மேசைகளில் இக்கேள்விகள் அக்கறையின் குரலில் வருகின்றன. விடை சொல்லும் தலித் இளைஞர் ஒவ்வொரு சொல்லையும் எடைபோட வேண்டியிருக்கிறது. எதிரில் இருப்பவர் கவலையின்றி உணவை ரசிக்கும்போது, இவர் தன் ஊரின் பெயரைக் காத்துக்கொண்டிருக்கிறார். மேசை ஒன்றுதான், அதில் அமர்ந்திருக்கும் இருவரின் விடுதலை ஒன்றாக இல்லை.

நம் வாதம் இதுவே: யாரென்று தெரியாதவரை சமமாக நடத்தும் இடத்தைச் சமத்துவமுள்ள இடம் என்று கொள்ள முடியாது. ஊரும் தெருவும் தெரிந்த பிறகும் அதே நாற்காலி, அதே கோப்பை, அதே மரியாதை தொடர வேண்டும். அரசமைப்பு நமக்கு அளித்திருப்பது மறைந்துகொள்ளும் வசதியை அன்று. பெயர் சொல்லி அமரும் உரிமையை.

உணவுப்பட்டியல் பேசும் சாதி

பலகையில் 'பிராமணாள்' என்று எழுத இன்று பலரும் தயங்குவார்கள். ஆனால் அந்தச் சொல் செய்த வேலையைச் செய்யப் புதிய சொற்கள் வந்துள்ளன. அவற்றுள் முதன்மையானது 'தூய சைவம்'. மரக்கறி உணவகம் நடத்துவதைச் சட்டம் தடுக்கவில்லை, தடுக்கவும் வேண்டியதில்லை. சிக்கல் 'தூய' என்ற அடைமொழியில் இருக்கிறது. ஒருவரின் உணவு தூயதென்றால் மற்றவரின் உணவு எது என்ற கேள்வி தானாக எழும். உணவிலிருந்து பாத்திரத்துக்கும், பாத்திரத்திலிருந்து மனிதருக்கும் அந்தத் தீட்டு நகர்ந்து செல்வதற்கு நெடுநேரம் பிடிப்பதில்லை.

2018 டிசம்பரில் சென்னை ஐஐடியின் உணவுக்கூடம் ஒன்றில் சைவம் உண்போருக்கும் அசைவம் உண்போருக்கும் தனித்தனி வாசலும் தனித்தனிக் கைகழுவும் தொட்டியும் என்று அறிவிப்புகள் ஒட்டப்பட்டன. அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்ட மாணவர்கள் அதை அம்பலப்படுத்திய பின் அவை அகற்றப்பட்டன. கைகழுவும் தொட்டியைப் பிரிப்பதற்கு உணவுமுறை காரணமாக இருக்க முடியாது. கழுவப்படும் கைகளைப் பற்றிய ஓர் எண்ணமே காரணமாக இருக்க முடியும். 2024 மார்ச்சில் சொமேட்டோ நிறுவனம் தூய சைவ வாடிக்கையாளர்களுக்கெனத் தனி விநியோகப் படையைப் பச்சைச் சீருடையோடு அறிவித்தது. கடும் எதிர்ப்பு எழுந்ததும் தனிச் சீருடையைக் கைவிட்டது. சிவப்புச் சட்டை அணிந்த தொழிலாளர்கள் சில குடியிருப்புகளுக்குள் நுழையத் தடை விதிக்கப்படலாம் என்ற அச்சம் அந்த எதிர்ப்பின் மையத்தில் இருந்தது. வண்டியில் எந்த உணவு இருக்கிறது என்பது வண்டியோட்டியின் தகுதியைத் தீர்மானிக்கும் நிலைக்கு நாம் எவ்வளவு அருகில் இருக்கிறோம் என்பதை அந்த ஒரு நாள் காட்டிவிட்டது.

அரசு நிர்வாகமும் இந்நோயிலிருந்து விடுபட்டதன்று. 2022 மே மாதம் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகம் அறிவித்த பிரியாணித் திருவிழாவில் மாட்டிறைச்சிப் பிரியாணிக்கு இடமில்லை. பெருந்திரளான மக்கள் அன்றாடம் உண்ணும் உணவை விலக்கிவிட்டு அவ்வூரின் உணவுப் பெருமையைக் கொண்டாட முனைந்தார்கள். எதிர்ப்பு வலுத்தது, மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையம் இது பாகுபாடாகாதா என்று விளக்கம் கேட்டது, மழையைக் காரணம் காட்டித் திருவிழா தள்ளிவைக்கப்பட்டது. பொதுப்பணத்தில் நடக்கும் ஒரு விழாவின் உணவுப்பட்டியல் பாகுபாடு பற்றிய கேள்விக்கு உட்பட்டது என்று ஓர் அரசு ஆணையமே கருதியது முக்கியமான முன்னுதாரணம். மாணவர் அமைப்புகள் தம் கல்லூரி விடுதி, உணவுக்கூடம், கலைவிழாக் கடைகள் குறித்து இதே கேள்வியை எழுப்பலாம்.

நண்பர் என்னும் சாட்சி

கஃபேக்கு நாம் தனியே போவதில்லை, நண்பரோடு போகிறோம். எனவே இந்த விவாதம் கடைக்காரரோடு முடிந்துவிடாது. சேர்ந்து உண்பது சாதியை அசைக்கும் செயல் என்று நம் சமூகச் சீர்திருத்த மரபு நீண்டகாலம் நம்பியது. கேரளத்தின் செறாயில் 1917இல் சகோதரன் அய்யப்பன் நடத்திய மிசிரபோஜனம், ஈழவர்களையும் புலையர்களையும் ஒரே பந்தியில் அமர்த்தியது. அதற்காக அவர் சொந்தச் சமூகத்தாலேயே விலக்கிவைக்கப்பட்டார். சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பனச் சிறுவர்களுக்குத் தனிப்பந்தி நடந்தது 1920களின் தமிழக அரசியலையே திசைதிருப்பியது.

ஆனால் அண்ணல் 'சாதியை அழித்தொழித்தல்' உரையில் சமபந்தியின் எல்லையையும் சுட்டிக்காட்டினார். சேர்ந்து உண்ணும் பல சாதிகளுக்குள்ளும் சாதியுணர்வு குறையாமல் இருக்கிறது. அகமணமும் அதற்குப் புனிதம் கற்பிக்கும் சாத்திரங்களும் தகராதவரை பந்தி மட்டும் சாதியை ஒழித்துவிடாது என்பது அவரது முடிவு. கஃபே நட்பைப் பற்றிச் சிந்திக்க இது மிகப் பொருத்தமான அளவுகோல். பரோடாவில் விடுதியிலிருந்து துரத்தப்பட்ட அன்று அவர் தம் நண்பர்கள் இருவரை நாடினார். ஒருவர் இந்து, மற்றவர் கிறித்தவர். இருவருமே அவரோடு மனம்விட்டுப் பழகியவர்கள்தாம். வீட்டில் தங்க இடம் கேட்டபோது ஒருவர் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்றார். மற்றவர் மனைவியைக் கேட்க வேண்டும் என்றார். ரயில் வரும்வரை பூங்காவில் காத்திருந்துவிட்டு அவர் பம்பாய்க்குத் திரும்பினார். வெளியில் பழகும் நட்பு வீட்டுவாசலில் நின்றுவிட்ட கதை இது.

இன்றைய கஃபே அந்த வாசற்படியையே நம் பார்வையிலிருந்து மறைத்துவிடுகிறது. வாரந்தோறும் வெளியில் சந்தித்துக்கொள்ளும் இரு நண்பர்கள் பத்தாண்டுகள் ஒருவர் வீட்டுக்கு மற்றவர் போகாமலே நெருக்கமாக இருந்துவிடலாம். எவரும் எவரையும் மறுக்க வேண்டிய சங்கடம் நேர்வதே இல்லை. 2011–12இல் எடுக்கப்பட்ட இந்திய மனித வளர்ச்சி ஆய்வில், தம் வீட்டில் தீண்டாமை கடைப்பிடிக்கப்படுகிறது என்று ஏறத்தாழ 27 விழுக்காட்டுக் குடும்பங்கள் தாமாகவே ஒப்புக்கொண்டன. சமையலறைக்குள் வருவது, பாத்திரத்தைப் பயன்படுத்துவது பற்றியும் அதில் கேட்கப்பட்டது. வெளிப்படையாக ஒப்புக்கொண்டோரின் கணக்கு இது. அந்த வீடுகளின் பிள்ளைகளும் ஞாயிற்றுக்கிழமைகளில் கஃபேக்கு வருகிறார்கள். நம் எதிரில் அமர்ந்து நம் தட்டிலிருந்து எடுத்தும் உண்கிறார்கள். அவர்களின் அன்பைச் சந்தேகிக்கச் சொல்லவில்லை. அந்த அன்பு தன் வீட்டுச் சமையலறையோடு எப்போது பேசப்போகிறது என்று கேட்கச் சொல்கிறோம். ஆதிக்கச் சாதியில் பிறந்த தோழர்களுக்கு இங்கே தெளிவான வேலை ஒன்று இருக்கிறது. கஃபே மேசையில் நம்மோடு சமமாக அமர்வது எளிது. தாயும் பாட்டியும் பரிமாறும் வீட்டுக் கூடத்தில், ஊரும் தெருவும் சொல்லி, நம்மை அமரவைப்பதே கடினம், தேவையானதும் அதுவே.

பொது இடத்தில் சேர்ந்து காணப்படுவதற்கே உயிர் விலையாக வாங்கப்பட்ட மாநிலம் இது என்பதையும் மறந்துவிட முடியாது. 2015 ஜூன் மாதம் திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலில் கல்லூரித் தோழியோடு பேசிக்கொண்டிருந்த பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ் கடத்திக் கொல்லப்பட்டார். தலித் இளைஞர் ஒருவர் வேறு சாதிப் பெண்ணோடு பேசினார் என்பதே அவர் செய்த 'குற்றம்'. 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் குற்றவாளிகளுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. மறு ஆண்டு உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. சாதி கடந்து பழகும் இளைஞர்கள் ஊர்க்கண்ணில் படாத இடம் தேடிக் கஃபேக்களுக்கு வருவதன் பின்னணியில் இந்த அச்சமும் இருக்கிறது. அவர்களுக்கு அந்த மேசை பொழுதுபோக்கன்று, உயிர்ப் பாதுகாப்பு.

மேசையைத் துடைக்கும் கை

சமமாக அமரும் உரிமை பற்றிப் பேசும்போது அமர அனுமதியில்லாதவர்களையும் பேச வேண்டும். நாம் உண்டு முடித்த தட்டை எடுப்பவர், தரையைத் துடைப்பவர், கழிவறையைக் கழுவுபவர் ஆகியோர் பெரும்பாலும் எச்சமூகங்களிலிருந்து வருகிறார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பத்துமணி நேரம் நின்றுகொண்டே வேலை செய்யும் இவர்களுக்குத் தனிக் குவளை, பின்வாசல், படிக்கட்டின் கீழ் உணவு என்று எத்தனையோ கடைகளில் சொல்லப்படாத விதிகள் உண்டு. வாடிக்கையாளரிடம் சாதி கேட்காத கடை, பணியாளரிடம் வேலை பிரிக்கும்போது கேட்காமலே அறிந்துகொள்கிறது.

தமிழ்நாடு அரசு 2021இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, பணியாளர்கள் அமர்வதற்கு இருக்கை வழங்குவதைக் கட்டாயமாக்கியது. கேரளம் அதற்கு முன்பே அப்படிச் செய்திருந்தது. துணிக்கடை, நகைக்கடைகளில் நாள் முழுதும் நின்ற பெண்களின் போராட்டம் தந்த வெற்றி அது. அதே நெறி ஒவ்வொரு கஃபேயிலும் உணவகத்திலும் நடைமுறைக்கு வர வேண்டும். வாடிக்கையாளராக நாம் பெறும் நாற்காலி, நமக்குப் பரிமாறும் நம்மவருக்கு மறுக்கப்படுமானால் 15(2)ஆம் உறுப்பின் வெற்றி பாதி வெற்றியே.

சட்டம் தரும் கருவிகளும் தராதவையும்

பல கஃபேக்களின் வாசலில் 'அனுமதிக்கும் உரிமை நிர்வாகத்துக்கே' என்ற பலகை தொங்குகிறது. குடிபோதையில் தகராறு செய்பவரை வெளியேற்ற எவருக்கும் அந்தப் பலகை தேவையில்லை. சாதியை மனத்தில் வைத்து ஒருவரைத் திருப்பியனுப்ப அந்தப் பலகை எவ்வித அதிகாரமும் தராது. அரசமைப்புக்கும் தண்டனைச் சட்டத்துக்கும் மேலான உரிமையை ஒரு பலகையால் உருவாக்க முடியாது.

நம் கையில் இருக்கும் சட்டங்கள் இரண்டு. குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, உணவகத்தில் நுழைவதைத் தடுப்பதையும் பொதுப் பயன்பாட்டுக்கான பாத்திரங்களை மறுப்பதையும் குற்றமாக்குகிறது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராக இருந்தால், அச்செயல் தீண்டாமையின் அடிப்படையில் நிகழ்ந்தது என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்கிறது 12ஆம் பிரிவு; அப்படியில்லை என்று நிறுவும் சுமை எதிரிக்கே. ஆனால் தண்டனை மிகச் சிறியது: ஒரு மாதத்துக்குக் குறையாமலும் ஆறு மாதத்துக்கு மிகாமலும் சிறை, நூறு முதல் ஐந்நூறு ரூபாய் வரை அபராதம். இன்றைய கஃபேயில் ஒரு வேளை உணவின் விலைகூட அந்த அபராதத்தைவிட அதிகம்.

இரண்டாவது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். 2015ஆம் ஆண்டுத் திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தபோது 3(1)(za) பிரிவு சேர்க்கப்பட்டது. கடை உள்ளிட்ட பொது இடங்களில் நுழைவதையும் பொதுப் பயன்பாட்டுப் பாத்திரங்களைப் பயன்படுத்துவதையும் தடுப்பது இதன்படி ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனைக்குரியது. முன்பிணை கிடையாது. 18ஏ பிரிவின்படி முதல் தகவல் அறிக்கை பதிவதற்கு முன்விசாரணையும் தேவையில்லை. 'விசாரித்துவிட்டுச் சொல்கிறோம்' என்று காவல் நிலையத்தில் திருப்பியனுப்பப்படும் தோழர்கள் இப்பிரிவின் எண்ணை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. கடமை தவறும் அலுவலரே 4ஆம் பிரிவின்கீழ் குற்றவாளியாகலாம்.

இவ்வளவு இருந்தும் நகரக் கஃபேயின் பாகுபாடு நீதிமன்றம் வரை வருவது அரிது. காரணம் எளியது. அங்கே மறுப்பு மறுப்பாகத் தோற்றமளிப்பதில்லை. 'மேசை முன்பதிவாகிவிட்டது', 'சமையலறை மூடிவிட்டது', கழிவறைக்கு அருகிலுள்ள மேசை, வராத பரிமாறுபவர் என்று பல வேடங்களில் அது வருகிறது. தனியொரு நிகழ்வை வைத்து உள்நோக்கத்தை நிறுவுவது கடினம். இங்கேதான் நண்பர் தோழமையைக் கடந்து சாட்சியாகவும் ஆக வேண்டியிருக்கிறது. சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தகுதியுள்ள வேலை விண்ணப்பங்களைத் தலித் பெயரிலும் மேல்சாதிப் பெயரிலும் அனுப்பி அழைப்புகளில் தெரிந்த வேறுபாட்டை வெளிக்கொணர்ந்தார்கள். இந்த இணைச் சோதனை முறையை மாணவர்கள் உணவகங்களுக்கும் வாடகை வீடுகளுக்கும் விரிவாக்கலாம். ஒரே நாளில், ஒரே கடையில், தோற்றத்திலும் பேச்சிலும் பின்னணியிலும் வேறுபட்ட இரு இணைகள் பெற்ற நடத்துமுறையை நேரம், இடம், சொல் மாறாமல் பதிவு செய்தால் அது வெறும் குமுறலாக நின்றுவிடாது, சான்றாகும்.

இன்னொரு பெரிய இடைவெளி, உரிமையியல் தீர்வு இல்லாமை. அமெரிக்காவில் 1960 பிப்ரவரி 1 அன்று கிரீன்ஸ்பரோ நகரில் கறுப்பின மாணவர் நால்வர் வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த உணவு மேடையில் அமர்ந்து எழ மறுத்தனர். அந்த அலை 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைச் சட்டத்துக்கு வழிகோலியது. அச்சட்டப்படி பாதிக்கப்பட்டவரே நீதிமன்றம் சென்று, பாகுபாட்டை நிறுத்தும் தடையாணை பெறலாம். நம் அரசமைப்பு அதற்குப் பதினான்கு ஆண்டுகள் முன்பே இந்த உரிமையை அறிவித்துவிட்டது. ஆனால் குற்றவழக்கைத் தவிர்த்து, தடையாணைக்கும் இழப்பீட்டுக்கும் எளிய வழி வகுக்கும் விரிவான பாகுபாடு எதிர்ப்புச் சட்டம் இன்றுவரை இயற்றப்படவில்லை. சசி தரூர் மக்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதாவும் சட்டமாகவில்லை. மாநில அளவில் இத்தகைய சட்டத்தைக் கோருவதும், உணவகங்களுக்கு உள்ளாட்சி வழங்கும் தொழில் உரிமத்தில் பாகுபாடின்மையை நிபந்தனையாகச் சேர்க்கக் கோருவதும் நம் உடனடிக் கோரிக்கைகளாக வேண்டும். இரட்டைக் குவளை வைத்த கடையின் உரிமம் பறிபோகும் என்ற நிலை வந்தால் பல கடைகளில் மறுநாளே ஒரே குவளைதான் இருக்கும்.

கஃபேக்குப் போகும் தலித் இளைஞரைப் பார்த்து 'மேட்டுக்குடி ஆகிவிட்டாய்' என்று நம்முள் சிலரும் கேலி செய்வதுண்டு. அந்தக் கேலியைக் கைவிடுவோம். ஓய்வும் சுவையும் நட்பும் நம் மக்களுக்கு மறுக்கப்பட்ட உரிமைகளே. உழைப்பதற்கு மட்டுமே பிறந்தவர்கள் என்று விதிக்கப்பட்டவர்கள், ஒரு ஞாயிறு முற்பகலில் வேலை எதுவுமின்றி அமர்ந்து பேசுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. போங்கள், விரும்பியதை உண்ணுங்கள். சொந்த ஊர் எது என்று யாரேனும் கேட்டால் ஊரின் பெயரையும் தெருவின் பெயரையும் உரக்கச் சொல்லுங்கள். அதன் பின் ஏதேனும் மாறினால் தேதியையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். உடனிருக்கும் நண்பரையும் குறிக்கச் சொல்லுங்கள். மற்றதை நீதிமன்றத்தில் பார்த்துக்கொள்வோம்.